வீட்டு நாஸில் (நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி) எஸ்எம்பி 3-க்கு (கோப்புப் பகிர்வு நெறிமுறையின் புதிய பதிப்பு) மாறியதும் விண்டோஸின் நெட்வொர்க் பக்கத்தில் நாஸைக் காணோம். எஸ்எம்பி 1-ஐத் திரும்ப ஆன் செய்துவிடலாமா?

வேண்டாம். "விண்டோஸ் ஃபீச்சர்ஸில் எஸ்எம்பி 1-க்கு டிக் போடுங்க, முடிஞ்சுது" என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற பணயம் கேட்கும் தீநிரல் பரவியது அந்த எஸ்எம்பி 1-இன் ஓட்டை வழியாகத்தான் என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். "அதற்குத்தான் மார்ச்சிலேயே பேட்ச் வந்துவிட்டதே" என்று இங்கே யாராவது வருவீர்கள். வந்தது அந்த ஓட்டைக்கு மட்டும். வீட்டிலிருக்கும் எல்லாப் பெட்டியிலும் அதைப் போட்டாயிற்றா?

உங்கள் நாஸ் எங்கும் போய்விடவில்லை, பட்டியலில் பெயர் வரவில்லை, அவ்வளவுதான். எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்பதுபோல நாஸின் ஐபியை அடித்துப் பாருங்கள். திறந்தால் எஸ்எம்பி சரியாகவே ஓடுகிறது. அந்தப் பட்டியலை முன்பு நிரப்பியது எஸ்எம்பி 1-ஐ நம்பியிருந்த பழைய பிரவுசர் சர்வீஸ். இப்போது அந்த வேலையை, பெட்டிகளைக் கண்டறியும் டபிள்யூஎஸ்-டிஸ்கவரி என்ற நெறிமுறை செய்கிறது. நாஸ் பேனலில் அதற்கு ஒரு சுவிட்ச் இருக்கும். நீங்களே லினக்ஸில் கட்டிய பெட்டி என்றால் சம்பாவுக்கு (லினக்ஸில் எஸ்எம்பியை ஓட்டும் நிரல்) அது தெரியாது, டபிள்யூஎஸ்டிடி (wsdd) என்ற நிரலைத் தனியாக நிறுவ வேண்டும். ஃபயர்வாலில் யூடிபி 3702, டிசிபி 5357 ஆகிய போர்ட்டுகளைத் திறந்துவிடுங்கள். விண்டோஸில் அந்த நெட்வொர்க் 'பிரைவேட்' என்று இருக்கட்டும். இவ்வளவும் தொல்லை என்றால், ரவுட்டரில் நாஸுக்கு ஐபியை நிலையாக ஒதுக்கி, டிரைவ் எழுத்தாக மேப் செய்துவிட்டுப் பட்டியலை மறந்துவிடலாம்.

நாஸில் வைக்க வேண்டிய பதிப்பு வரம்பு: குறைந்தபட்சம் எஸ்எம்பி 2, அதிகபட்சம் எஸ்எம்பி 3. சம்பா 4.11 முதல் எஸ்எம்பி 1 இயல்பாகவே அணைந்துதான் வருகிறது. ஆனால் எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய 'என்டி1' (NT1, அதாவது எஸ்எம்பி 1) என்ற வரியோ, உச்சத்தை எஸ்எம்பி 2-இல் நிறுத்தும் வரியோ கான்ஃபிக் கோப்பில் கிடந்தால் அது சொல்வதுதான் செல்லும். முதலில் அதைத் தூக்குங்கள். பிறகு நிர்வாகியாகப் பவர்ஷெல் திறந்து, இணைப்பு இருக்கும்போதே 'கெட்-எஸ்எம்பிகனெக்‌ஷன்' (Get-SmbConnection) கட்டளையைக் கொடுங்கள். எஸ்எம்பி பதிப்பைக் காட்டும் டயலக்ட் (Dialect) பத்தியில் 3.1.1 என்று வர வேண்டும்.

ஐபி கொடுத்தும் திறக்கவில்லையா? அப்படியானால் கடவுச்சொல் இல்லாத கெஸ்ட் பகிர்வாக இருக்கும். விண்டோஸ் 11 புரோ 24எச்2 சைனிங்கை (தரவு வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் கையொப்பம்) கட்டாயம் கேட்கிறது. கெஸ்ட் இணைப்பால் சைன் செய்ய முடியாது. சைனிங்கை அணைக்காதீர்கள். நாஸில் ஒரு பயனரை உருவாக்கிக் கடவுச்சொல் வையுங்கள். அந்தப் பயனர்பெயர் விண்டோஸ் லாகின் பெயராகவே இருந்து கடவுச்சொல் வேறாக இருந்தால், விண்டோஸ் உங்களைக் கேட்காமலே தன் லாகினை வைத்தே முயன்று தோற்கும். பழைய லாகின் ஒட்டிக்கொண்டிருந்தால் கிரெடென்ஷியல் மேனேஜரில் அழித்துவிட்டு, லாக் ஆஃப் செய்து வாருங்கள்.

மல்டிசேனலை (ஒரே நேரத்தில் பல இணைப்புகளில் அனுப்பும் வசதி) ஆன் செய்தால் வேகம் இரட்டிப்பாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒற்றை ஜிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 எம்பி அளவில்தான் நிற்கும். என்க்ரிப்ஷனைக் கட்டாயமாக்கினால், என்க்ரிப்ஷனுக்கான ஏஇஎஸ் கட்டளைகள் இல்லாத பழைய நாஸ் சிபியு மூச்சுவாங்கும். வீட்டுக்குள் சைனிங் போதும் என்பது என் கருத்து, மறுப்பவர்கள் மறுக்கலாம்.

எஸ்எம்பி 1 மட்டுமே தெரிந்த ஸ்கேனர் இருந்தால் அதற்காக மொத்த நாஸையும் எஸ்எம்பி 1-க்கு இறக்காதீர்கள். ஒரே ஒரு கோப்புறையில் மட்டும் எழுத உரிமையுள்ள தனிப் பயனரை வைத்து எஃப்டிபியில் அனுப்பச் சொல்லுங்கள். பழைய மீடியா பிளேயருக்கு டிஎல்என்ஏ (வீட்டுக்குள் படம், பாட்டை அனுப்பும் முறை) போதும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன்: ரவுட்டருக்குப் பின்னால் யூஎஸ்பி துளையை வைத்து, பெட்டியின் மேல் 'ஃபைல் ஷேரிங்' என்று பெரிதாக அச்சடித்து, உள்ளே எஸ்எம்பி 1-ஐ மட்டும் போட்டு விற்றுவிட்டு, ஃபர்ம்வேர் அப்டேட்டும் தராத தயாரிப்பாளர்கள்மேல்தான் எனக்குக் கோபம். அந்தத் துளையில் செருகியிருக்கும் டிஸ்கைக் கழற்றி நாஸிலேயே செருகுங்கள்.