கழுவக் கொடுத்த வண்டி கோடு கோடாகத் திரும்பி வந்தால்: கேள்வி பதில்

பெயின்ட் பூத்துக்குள் 15 வருடம், அதற்கப்புறம் பாலிஷ் வேலையில் 9 வருடம். வாஷுக்குக் கொடுத்துவிட்டு முகம் வாடி வருகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். இன்ஷூரன்ஸ், வழக்கு விஷயமெல்லாம் எனக்கு வராது. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: தூசி படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள். இதை இன்று இன்னும் சில தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு செடான்: ஃபோம் வாஷ் கொடுத்தேன். மறுநாள் வெயிலில் பார்த்தால் பானட் முழுக்க சிலந்தி வலை மாதிரி கோடுகள். பெயின்ட் போய்விட்டதா அண்ணா?

பதில்: போகவில்லை. தகடுக்கு மேலே துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் தருகிற பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட் என்று நாலு அடுக்கு இருக்கிறது. கம்பெனி பெயின்டில் நாலும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். தலைமுடி ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரான். அதாவது உங்கள் பெயின்ட் முழுவதும் இரண்டு முடி கனம்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான். நீங்கள் பார்க்கிற கோடுகள் அந்தக் கிளியர் கோட்டின் மேல்தோலில் இருக்கின்றன.

வீட்டிலேயே சோதிக்கலாம். கோடு இருக்கும் இடத்தில் தண்ணீர் தெளியுங்கள். ஈரமாக இருக்கும்வரை மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் கிளியர் கோட்டோடு நிற்கிறது என்று அர்த்தம். பிறகு நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் தட்டினால் ஆழம். அது பாலிஷுக்கு அடங்காது.

யார் செய்த வேலை என்பதுதான் அடுத்த கேள்வி, இல்லையா? ஃபோம் கீறாது, தண்ணீர் கீறாது. வண்டியைத் தொடுகிற பொருள்தான் கீறும். அடுத்த முறை வாஷ் நடக்கும்போது பக்கத்தில் நின்று ஸ்பாஞ்சைப் பாருங்கள். கதவுக்கு அடியில் சேறு துடைத்த அதே ஸ்பாஞ்ச், அதே வாளியில் முங்கி, அப்படியே பானட்டுக்கு ஏறும். அதை ஒருமுறை உள்ளங்கையில் பிழிந்து விரல்களைத் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று இருக்கும். அந்த நறநறதான் உங்கள் சிலந்தி வலை.

ஆனால் எல்லாமே அன்று ஒரே நாளில் விழுந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. காரம் கூடின ஷாம்பு, பழைய மெழுகையும் கோடுகளுக்குள் அடைந்திருந்த பாலிஷ் எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். இரண்டு வருடமாக ஒளிந்திருந்த கோடுகள் அன்றைக்குத்தான் வெளிச்சத்துக்கு வரும். பழி கடைசியாகத் தொட்டவன் தலையில்.

புது வண்டி: டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் போகுமா?

பதில்: டூத்பேஸ்டில் பல்லைத் தேய்க்கிற பொடி இருக்கிறது. பெயின்டையும் தேய்க்கும், ஆனால் எவ்வளவு தேய்க்கிறது என்பது உங்கள் கையில் இருக்காது. பெரும்பாலும் ஒரு கோட்டுக்குப் பதில் ஒரு மங்கல் வட்டம் கிடைக்கும். வேண்டாம்.

சாம்பல் எஸ்யூவி: பிரஷர் கன் அடிக்கும்போது முன் பம்பரில் உள்ளங்கை அளவு பெயின்ட் சில்லாகப் பெயர்ந்து பறந்தது. வாஷ் பண்ணினவர் "ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது" என்கிறார்.

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கலாம். சரியாக ஒட்டியிருக்கிற கம்பெனி பெயின்ட், ஓரடி தள்ளி நின்று விசிறி நாசிலில் அடித்தால் பெயராது. பெயர்கிறது என்றால் ஒன்று, கல் தெறித்த புள்ளி வழியாகத் தண்ணீர் அடியில் புகுந்திருக்க வேண்டும்; அல்லது பம்பர் மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டிருக்க வேண்டும். பிளாஸ்டிக் பம்பரைச் சரியாகத் தேய்த்து, ஒட்டுப் பிரைமர் போடாமல் அடித்துவிட்டால் ஸ்டிக்கர் மாதிரி உரிந்து வரும். பெயர்ந்த சில்லு கிடைத்தால் அதன் ஓரத்தைப் பாருங்கள். ஒரு நிற அடுக்குக்குக் கீழே இன்னொரு நிற அடுக்கு தெரிந்தால் அது இரண்டாம் கை வேலை. பழைய வண்டியாக வாங்கியதா?

மீதிப் பாதி அவர் தப்பாகவும் இருக்கலாம். கூர் நாசிலை நாலு விரல் கடை தூரத்தில் வைத்து அடித்தால் எதுவும் பெயரும். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, அவசரம் இல்லை. இதுவே தகடாக இருந்தால் அந்த வாரமே மூடச் சொல்லியிருப்பேன்.

நீல ஹேட்ச்பேக்: வாஷ் முடிந்து வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். வட்ட வட்டமாக வெள்ளைத் தடம். துடைத்தாலும் போகவில்லை.

பதில்: உப்புத் தண்ணீர் காய்ந்த கறை. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அதிலிருந்த கால்சியமும் மெக்னீசியமும் உட்கார்ந்துகொள்ளும். பானட் ஆறியிருக்கும்போது, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியை நனைத்து ஒரு நிமிடம் போர்த்திவிட்டு நன்றாகக் கழுவுங்கள். போகாவிட்டால் கறை கிளியர் கோட்டுக்குள் அரித்துவிட்டது, பாலிஷ்தான். தள்ளிப்போடாதீர்கள், ஒவ்வொரு வெயிலும் அதை இன்னும் ஆழமாக்கும்.

வெள்ளை செடான்: என் வண்டியிலும் கோடு. டூத்பேஸ்ட்...

பதில்: மேலே பாருங்கள்.

சிவப்பு கூபே: கோடுகள் தெளிவாக வட்ட வட்டமாக இருக்கின்றன. அப்படியானால் பையன் வட்டமாகத் துடைத்திருக்கிறான், அல்லது மெஷின் போட்டிருக்கிறான். நேராகத் துடைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது அல்லவா?

பதில்: இதை எல்லோரும் நம்புகிறார்கள். நானும் நம்பியிருந்தேன். ஆனால் அந்த வட்டம் உங்கள் பெயின்டில் இல்லை. மழை பெய்த இரவில் தெருவிளக்குக்கு முன்னால் நிற்கிற மரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ஈரக் கிளைகள் எல்லாம் விளக்கைச் சுற்றிக் கூடு கட்டியது போல வட்டமாகத் தெரியும். மரம் வட்டமாக வளரவில்லை. விளக்கைச் சுற்றி வளைகிற வாக்கில் கிடக்கிற கிளைகள் மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன, மற்றவை இருட்டில் நிற்கின்றன. பானட்டிலும் எல்லாத் திசையிலும் நேர்க்கோடுகள் கிடக்கின்றன. வெயில் அதில் வட்டத்தைப் பொறுக்கி எடுக்கிறது.

சிவப்பு கூபே: கண்ணால் பார்ப்பதை நம்ப வேண்டாம் என்கிறீர்களா? என் மாமா இருபது வருடமாக நேராகத்தான் துடைக்கிறார். அவர் வண்டி கண்ணாடி மாதிரி இருக்கிறது.

பதில்: இருட்டில் போன் டார்ச்சைப் பானட்டுக்கு மேலே பிடியுங்கள். வட்டத்தின் நடுவை மனதில் குறித்துக்கொண்டு டார்ச்சை ஒரு சாண் நகர்த்துங்கள். வட்டமும் நகரும். கீறலுக்குக் கால் முளைக்குமா? மாமா வண்டி பளபளப்பதற்குக் காரணம் கை போகிற திசை அல்ல. அவர் துணியைத் தினமும் அலசுகிறாரா என்று கேளுங்கள்.

வாஷ் கடையில் வேலை செய்பவர்: நான் பேசலாமா? எல்லாப் பழியும் எங்கள் மேல்தான். ஒரு நாளைக்கு பதினைந்து வண்டி. அரை மணியில் சாவி வேண்டும் என்று தலைக்கு மேல் நிற்கிறார்கள். துணி துவைத்துக் காய நேரம் எங்கே? அதுவும் போகட்டும், இவர்கள் தினமும் காலையில் காய்ந்த துணியால் தட்டுகிறார்களே, அந்தக் கீறலுக்கு யார் பொறுப்பு?

பதில்: தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாஷில் ஷாம்பு என்கிற வழுக்கலாவது இருக்கிறது. காலைத் தட்டலில் அதுவும் இல்லை. தூசியில் கலந்திருக்கிற மணல் குவார்ட்ஸ், கனிமங்களின் கடினத்தைச் சொல்கிற மோஸ் அளவில் 7. துணி அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். காய்ந்த துணி வேண்டாம், வேண்டாம். ஆனால் தம்பி, கீழே விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி வண்டியில் போடுகிறீர்களே, அதற்கு நேரம் காரணம் இல்லை.

வாஷ் கடையில் வேலை செய்பவர்: அது தப்புதான் அண்ணே. வாளி இரண்டு வேண்டும் என்று ஓனரிடம் கேட்டாகிவிட்டது.

பதில்: ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் அலசுகிற வெறும் தண்ணீர். சக்கரத்துக்குத் தனித் துணி. மேலிருந்து கீழே. இதற்கு அரை மணி போதும்.

சிவப்பு கூபே: டார்ச் அடித்துப் பார்த்தேன். நகர்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நேராகத்தான் துடைப்பேன்.

பதில்: துடையுங்கள். நேராக விழுந்த கோடு சில கோணங்களில் மட்டும் தெரியும் என்ற அளவில் மாமாவும் பாதி சரிதான். அடுத்தவருக்கு வழி விடுங்கள்.

வெள்ளி எஸ்யூவி: கோடு விழுந்ததைக் காட்டினேன். "கவலைப்படாதீர்கள் சார், இலவசமாகவே பாலிஷ் போட்டுத் தருகிறோம்" என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: நின்று யோசியுங்கள். பாலிஷ் என்பது பெயின்டுக்கு எதையும் சேர்ப்பதில்லை, எடுக்கிறது. கோடு போக வேண்டுமானால் கோட்டின் ஆழம்வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவியாக வேண்டும். முரட்டுக் கம்பவுண்ட் போட்டால் சில மைக்ரான் போய்விடும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குகிற மருந்தும் அந்தக் கிளியர் கோட்டில்தான் இருக்கிறது. 45 மைக்ரானில் எத்தனை தடவை சீவலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு ஆபத்து. ஒன்று, வேகமாகச் சுழலும் மெஷினைப் பழக்கமில்லாத கை பிடித்தால் மேகம் மாதிரி அலைத் தடம் விழும். இரண்டு, நிஜமாகப் பாலிஷ் செய்யாமல் எண்ணெய்ப் பூச்சை அடைத்துக் கொடுப்பது. மூன்றாவது வாஷில் கோடு திரும்பி வரும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து ஓரிடத்தில் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். அடைப்பு இருந்தால் அங்கேயே குட்டு உடைந்துவிடும்.

நானும் சுத்தமானவன் இல்லை. ஆரம்ப நாளில் ஒரு சிவப்பு வண்டியின் கதவு முனையில் மெஷினைக் கொஞ்சம் அதிகம் நிறுத்திவிட்டேன். முனைகளில் பூச்சு மெல்லிசு. வெள்ளைப் பேடைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் இளஞ்சிவப்பு. கிளியர் கோட்டைத் தாண்டி நிறத்துக்கே வந்துவிட்டேன் என்று அர்த்தம். அந்தக் கதவை என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். அதனால் கனம் அளக்கிற மீட்டர் வைத்து, ஓரங்களுக்கு டேப் ஒட்டி, முதலில் ஒரு சாண் இடத்தில் மென்மையான பாலிஷ் போட்டுக் காட்டுகிறவரிடம் மட்டும் கொடுங்கள். இலவசம் என்பதற்காகக் கொடுக்காதீர்கள்.

பழுப்பு செடான்: ஜன்னலைச் சுற்றியுள்ள அலுமினியப் பட்டை வாஷுக்குப் பிறகு வெளுத்துத் திட்டுத் திட்டாகிவிட்டது.

பதில்: காரமான கிளீனரை ஊறவிட்டிருப்பார்கள். ஆனோடைஸ் செய்த அலுமினியத்துக்குக் காரம் ஆகாது. மேல்படலமே அரித்துவிட்டது, கழுவிப் போகாது. பட்டையை மாற்ற வேண்டும், அல்லது ஃபிலிம் ஒட்டலாம்.

மஞ்சள் ஹேட்ச்பேக்: செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாதாம், 9எச் கடினமாம்.

பதில்: அந்த 9எச் பென்சிலின் கடினம், பென்சில் முனையால் கீறிப் பார்க்கிற அளவு. மோஸ் 9 என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கோட்டிங் ஓரிரு மைக்ரான் கனம். அழுக்கு ஒட்டாது, கழுவுவது சுலபம், அதற்காகப் போடலாம். நறநற ஸ்பாஞ்ச் அதையும் கீறும். கீறலுக்குத்தான் பயம் என்றால் பிபிஎஃப், அதாவது பெயின்டுக்கு மேல் ஒட்டுகிற பாதுகாப்பு ஃபிலிம், அது 150 மைக்ரானுக்கு மேல் தடிமன்.

மேட் கறுப்பு: எனக்கும் பாலிஷ்...

பதில்: கூடவே கூடாது. தேய்த்த இடம் பளபளத்துவிடும், திரும்ப மேட் ஆகாது.

பச்சை வேன்: பிரஷ் சுழலும் ஆட்டோமேட்டிக் வாஷ் நல்லதா?

பதில்: முன்னால் போன வண்டியின் சேறு அந்தப் பிரஷில் இருக்கும். தொடாமல் கழுவுகிற வகை தேவலை, ஆனால் அதில் மருந்து வீரியம்.

வெள்ளை ஹேட்ச்பேக்: நஷ்டஈடு கேட்க என்ன செய்ய வேண்டும்? அப்புறம், டூத்பேஸ்ட்...

பதில்: முதல் கேள்வி வக்கீலுக்கு. என் பங்குக்கு ஒன்று: சாவி கொடுப்பதற்கு முன்னும் வாங்கின பின்னும் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் படம் எடுங்கள். வீட்டுக்குப் போய் மறுநாள் காட்டினால் யாரும் ஏற்க மாட்டார்கள். இரண்டாவது கேள்வியைப் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

கறுப்பு செடான்: அண்ணா, தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். எல்லாக் கோடும் மறைகிறது. கதவுக் கைப்பிடிக்குக் கீழே ஒன்று மட்டும் மறையவில்லை, நகமும் தட்டுகிறது.

பதில்: அது வாஷ் கோடு இல்லை. மோதிரம், சாவிக்கொத்து, பெல்ட் பக்கிள், இதில் ஒன்று. உள்ளே வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் பிரைமர். தகடு மின்னினால் இந்த வாரமே டச்-அப் வைத்து மூடுங்கள். மற்ற கோடுகளை அப்படியே விடுங்கள், வண்டியை விற்கிற காலத்தில் ஒரு மென்மையான பாலிஷ் போதும். எந்த நிறம் தெரிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.