மூன்று முறை வந்த நிலைக்கு டிரா கேட்பது எப்படி?

கேள்வி: நாகர்கோவிலில் நடந்த செஸ் போட்டியில் தோற்கிற நிலையில் ராணியால் செக் மேல் செக் கொடுத்தேன். எதிராளியின் ராஜா இரண்டே கட்டங்களில் மாறிமாறி வந்தது. அதே நிலை மூன்றாவது முறை வந்ததும் 'டிரா' என்றேன், அவர் மறுத்தார். எரிச்சலில் வேறு மூவ் ஆடித் தோற்றேன். இனி முறையிடலாமா?
- தக்கலை வாசகர்

பதில்: முடியாது. ஸ்கோர் ஷீட்டில் (மூவ்களை எழுதும் தாள்) முடிவை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், அதோடு சரி. 'கமிட்டியில் ஆள் இருக்கு, மாத்தித் தர்றேன்' என்று மண்டப வாசலில் யாராவது பணம் கேட்டால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். ரேட்டிங் (ஆட்டத்திறனுக்கான புள்ளி) வாங்கித் தருவதாகச் சுற்றுகிறவர்களும் இதே ரகம்தான். ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டமாவது ஆடாமல் ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் வராது. அதை யாரும் வாங்கித் தர முடியாது.

எதிராளியிடம் 'டிரா' என்றால் அது சம்மதம் கேட்பது, அவர் மறுக்கலாம். ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டால் அவர் சம்மதமே வேண்டாம், ஆர்பிட்டரிடம் (போட்டி நடுவர்) கேளுங்கள். உங்கள் மூவால்தான் மூன்றாம் முறை வரப்போகிறதென்றால், அந்த மூவை ஸ்கோர் ஷீட்டில் எழுதுங்கள், காயைத் தொடாதீர்கள், கடிகாரத்தை நிறுத்தி ஆர்பிட்டரைக் கூப்பிடுங்கள். காயைத் தொட்டுவிட்டால் அந்த மூவில் கேட்கும் உரிமை போச்சு. கோரிக்கை தப்பென்றால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், எழுதிய மூவையும் ஆடியாக வேண்டும். பாதியில் எழுதுவதை நிறுத்திவிட்டால் எதை வைத்து நிரூபிப்பது?

காய்கள் அதே கட்டங்களில் நின்றால் மட்டும் 'ஒரே நிலை' ஆகிவிடாது. ஆட வேண்டியவரும் அதே ஆளாக இருக்க வேண்டும், கேஸ்லிங் (அதுவரை நகராத ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்துவது) உரிமையும் மாறியிருக்கக் கூடாது. இன்னும் கேஸ்லிங் செய்யாத ராஜா ஒரு கட்டம் நகர்ந்து திரும்ப வீட்டுக்கே வருகிறது என்று வையுங்கள். பார்க்க அச்சு அசல் பழைய நிலை. ஆனால் கேஸ்லிங் உரிமை போய்விட்டதால் முதலில் வந்தது கணக்கில் சேராது. மூன்று என்று நீங்கள் எண்ணுவது உண்மையில் இரண்டுதான். யானை நகர்ந்து திரும்பினாலும் இதே கதை. உங்கள் ஆட்டத்துக்கு இது பொருந்தாது, ஆனால் நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்.

ஐந்து முறை வந்தால் யாரும் கேட்காமலே டிரா என்றும் விதி இருக்கிறது. ஆனால் ஒரே ஆர்பிட்டரை முப்பது பலகைக்கு நிறுத்தினால் அவர் எதை எண்ணுவார்? அடுத்த போட்டியில் முதல் சுற்றுக்கு முன்பே முறையீட்டுக்கு எவ்வளவு நேரம், டெபாசிட் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். நோட்டீஸில் பரிசுத்தொகையைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள், இதைப் போட மாட்டார்கள்.