பிரஷர் குறைந்தால் குளிசையை நிறுத்தலாமா?

கேள்வி: கிளினிக்கில் குளிசை எடுக்கும் என் மாமிக்கு வயது 68. பிரஷர் 130க்குக் கீழே வந்தால் குளிசையை நிறுத்திவிடுகிறார். ஏறினால் வீடே பதறி, நாளுக்கு ஆறேழு தடவை அளக்கிறோம். கருவாடும் வேண்டும் என்கிறார். என்ன செய்வது?
– ஒரு மருமகள், உப்புவெளி, திருகோணமலை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அளவு 130க்குக் கீழே நிற்பது நோய் மாறிவிட்டதற்கு அடையாளமல்ல; குளிசை வேலை செய்கிறது என்பதற்கே அடையாளம். நிறுத்தினால் அழுத்தம் மீண்டும் ஏறும். சில வகைக் குளிசைகளைத் திடீரென விட்டால் முன்பிருந்ததைவிடவும் ஏறக்கூடும். அடுத்த கிளினிக் நாளில் நீங்களும் உடன் சென்று, இதை வைத்தியரின் வாயாலேயே மாமிக்குச் சொல்லவையுங்கள். மருமகளின் சொல் எடுபடாத இடங்கள் உண்டு என்பது நீங்கள் அறியாததல்ல.

ஆறேழு தடவை அளப்பதைக் கைவிடுங்கள். அந்தப் பதற்றமே அளவைக் கூட்டும். வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லாதவரை, கிளினிக்குக்கு முந்திய வாரத்தில் காலையில் குளிசைக்கு முன்பும், மாலையிலும் அளந்தால் போதும். தேநீர் குடித்து அரை மணித்தியாலமாவது கழிந்தபின், சலம் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்துக் கதிரையில் கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் செய்து, சட்டைக்கு மேலாக அன்றி வெறும் கையில் பட்டியைச் சுற்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமீது வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து இரண்டையும் கொப்பியில் எழுதுங்கள். கையைத் தொங்கவிட்டு அளந்தால் உள்ளதைவிடக் கூடக் காட்டும்.

திருகோணமலைக் கடற்கரையில் வாழ்பவரிடம் கருவாட்டை அறவே மறக்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை நாளுக்கு 5 கிராம் உப்புக்கும் குறைவு, அதாவது மட்டமான ஒரு தேக்கரண்டிக்குள். கறியுப்பு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாம் அதற்குள்தான் அடங்கவேண்டும். ஊறவைத்துக் கழுவினாலும் கருவாட்டின் உப்பு முழுவதும் போகாது. எனவே அதை எப்போதாவது ஒரு சிறு துண்டோடு நிறுத்தி, மற்ற நாட்களில் பச்சைமீனைத் தேசிக்காயும் மிளகும் தூக்கலாக, உப்பைக் குறைத்துச் சமையுங்கள். முழங்கால் வலிக்கு பாமசியில் கேட்டு வாங்கும் சில குளிசைகளும் அழுத்தத்தைக் கூட்டும். அப்படி ஏதும் எடுக்கிறாரா என்று பாருங்கள்.

அளவு 180/120ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் இருத்தி மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் குறையாவிட்டால், வேறு தொல்லை இல்லையென்றாலும் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். நீங்களாக இன்னொரு குளிசை கொடுக்க வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், அளவு எதுவாயினும், உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து, கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.