பழக்கமா, பூசணமா?

கேள்வி: ஐரோப்பிய நாடுகளில் ஏழை, பணக்காரர் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் மருத்துவம் கிடைக்கிறது. பிரிட்டனில் அது இலவசமும்கூட. அப்படியிருக்க, அங்குள்ள ‘உடல்நல ஏற்றத்தாழ்வு’, அதாவது ஏழைக்கும் பணக்காரருக்கும் இடையே நோயிலும் ஆயுளிலும் உள்ள வேறுபாடு பற்றிச் சென்ற இதழில் ஏன் அவ்வளவு கவலைப்பட்டீர்கள்? குடியையும் கண்டதைத் தின்பதையும் அந்தக் குடும்பங்களே விட்டால் தீர்ந்தது. அரசு இதில் என்ன செய்ய முடியும்?
(திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: 1948 ஜூலை 5ஆம் நாள் முதல் பிரிட்டனில் மருத்துவம் இலவசம் என்பது உண்மை, அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மருத்துவமனை வாசல் எல்லோருக்கும் திறந்திருப்பதாலேயே எல்லோரும் ஒரே அளவு நோயோடு அங்கே வந்து சேர்கிறார்கள் என்று ஆகிவிடாது.

மான்செஸ்டருக்கு அருகே ரோச்டேல் என்னும் ஊரில், குறைந்த வாடகைக்கு வீடு தரும் சமூக வீட்டுவசதி அமைப்பு ஒன்றின் சிறிய குடியிருப்பில் சூடானிலிருந்து வந்த ஒரு குடும்பம் வசித்தது. சுவரில் பூசணம் பிடித்திருப்பதை அந்த வீட்டுத் தந்தை 2017இலேயே முறையிட்டார்; அதன்மேல் பெயிண்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு பிறந்த மகன் 2020 டிசம்பரில், இரண்டு வயதில், மூச்சுத் திணறி இறந்தான். வீட்டுப் பூசணத்தை நெடுநாள் சுவாசித்ததால் வந்த சுவாச நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார். அந்த விசாரணையை ஒட்டி வெளிவந்த ஒரு செய்தியை நீங்கள் அவசியம் அறிய வேண்டும்: பூசணத்துக்குக் காரணம் அந்தக் குடும்பத்தின் ‘வாழ்க்கை முறை’, அதாவது அவர்கள் குளிக்கும் விதமும் சமைக்கும் விதமும்தான் என்று வீட்டு நிர்வாகம் தானாகவே எண்ணிக்கொண்டிருந்தது, அது தவறு என்று பிள்ளை இறந்த பிறகு ஒப்புக்கொண்டது. பழக்கத்தை அவர்களே விட்டால் தீர்ந்தது என்கிறீர்களே, அந்த எண்ணம் ஒரு வீட்டில் என்ன செய்தது என்று பாருங்கள்.

குடிக்குப் பங்கே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஏழ்மையான கால்டன் பகுதியில் பிறந்த ஆணின் சராசரி ஆயுள் 54 என்றும், சில கிலோமீட்டர் தள்ளியுள்ள வசதியான லென்சியில் 82 என்றும், பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மட் தலைமையில் உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் 2008இல் எழுதியது. இந்திய ஆணின் ஆயுள் 62 என்பதும் அதே அறிக்கையில் உண்டு. கால்டனின் இளமரணங்களில் மதுவுக்கும் போதைமருந்துக்கும் பெரும் பங்கு உண்டுதான். ஆனால் கப்பல் கட்டும் தளங்களும் கனரகத் தொழிற்சாலைகளும் மூடப்பட்டு, தலைமுறையாகச் செய்துவந்த வேலை கைவிட்டுப் போன தெருக்களில் குடி ஏன் அவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்று கேட்காமல், குடித்தவனை மட்டும் குறைசொல்லி நகர்ந்துவிட முடியுமா?

பழக்கத்தைக் கொண்டே எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது என்பதற்கு 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வே போதும். அது லண்டனில் அரசு வேலையில் இருந்த ஆண்களைப் பற்றியது. யாரும் பட்டினி கிடந்தவரல்லர். ஆயினும் கடைநிலை ஊழியர் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு, உயர் அதிகாரிகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கிலிருந்து கழித்த பிறகும் அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி எஞ்சியே நின்றது.

அரசு என்ன செய்ய முடியும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மறைக்கவும் முடியும். ஏழைகளின் மரண விகிதம் பற்றி டக்ளஸ் பிளாக் என்ற மருத்துவரின் தலைமையிலான குழு தந்த அறிக்கையை 1980இல், ஆகஸ்ட் மாத விடுமுறையை ஒட்டி, வெறும் 260 படிகளோடு பிரிட்டிஷ் அரசு வெளியிட்டது. பரிந்துரைகளுக்குச் செலவு அதிகம் என்று அமைச்சர் முன்னுரையிலேயே கைவிரித்தார்.

மனம் வைத்தால் செய்யவும் முடியும். ஸ்காட்லாந்து 2018 மே மாதம் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை விதித்தது. அதன் பயனாக மதுவால் நேரும் இறப்புகள் சுமார் 13 சதவீதம் குறைந்ததாக 2023இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. மிகுதியாக உயிர் தப்பியவர்கள் மிக ஏழ்மையான பகுதியினரே. மழலையர் பள்ளிகளில் நாள்தோறும் பிள்ளைகளைப் பல் துலக்க வைக்கும் ‘சைல்ட்ஸ்மைல்’ திட்டமும் அங்கே நடக்கிறது. 2003இல் முதல் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கும் குறைவானவர்களே சொத்தையில்லாத பற்களோடு இருந்தார்கள். 2020இல் அது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கானது. பழக்கம்தான் என்று நீங்கள் சொல்லலாம். ஆம், பழக்கம்தான், ஆனால் பிரஷ்ஷும் பேஸ்ட்டும் அதைச் சொல்லித்தர ஓர் ஆளும் அரசுச் செலவில் வந்த பிறகு படிந்த பழக்கம்.

ரோச்டேல் குழந்தையின் பெயரால் இங்கிலாந்தில் ‘அவாப் சட்டம்’ 2025 அக்டோபர் 27 அன்று சமூகக் குடியிருப்புகளில் நடைமுறைக்கு வந்தது. உயிருக்கு ஆபத்தான அவசரக் குறைகளை வீட்டு நிர்வாகம் இனி 24 மணி நேரத்துக்குள் சரிசெய்தாக வேண்டும். அந்தத் தந்தை முதன்முதலாக முறையிட்டு அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.