லைட்மேன் எழுதிய கதை யாருக்குச் சொந்தம்?

கேள்வி: பல வருடங்களாக சினிமாவில் லைட்மேனாக இருக்கிறேன். நைட் ஷூட்டிங் இடைவேளைகளில் நோட்டில் ஒரு முழு திரைக்கதை எழுதினேன். கூட வேலை பார்த்த இணை இயக்குநரிடம் சொன்னேன். அவர் கேட்டதால் பக்கங்களைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். இப்போது அவர் இயக்கும் முதல் படத்தின் டீசரில் என் கதை தெரிகிறது. போன் செய்து கேட்டேன். "செட்டில் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியது கம்பெனிக்குத்தான் சொந்தம்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அந்தச் சம்பளப் பேச்சுக்கு நீங்கள் பயப்பட வேண்டாம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, எந்த வேலைக்கு வைத்தார்களோ அந்த வேலையின் பகுதியாக உருவாக்கியதுதான் முதலாளிக்குப் போகும். உங்களை வைத்தது லைட் கட்ட. ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாலும் கதை உங்களுடையதே. (படத்துக்காக உடை வரைந்த காஸ்ட்யூம் உதவியாளர் இதையே கேட்டிருந்தால் பதில் வேறு மாதிரி இருக்கலாம்.)

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் பிலிம்ஸ் வழக்கில், தன் நாடகத்தைப் படமாக்கிவிட்டார்கள் என்று வந்த நாடக ஆசிரியர் 1978-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். கரு ஒன்று, சொன்ன விதம் வேறு என்றது நீதிமன்றம். இரண்டையும் பார்த்தவருக்கு இது அதன் நகல்தான் என்று சந்தேகமில்லாமல் தோன்ற வேண்டும். ஆகவே, உதாரணத்துக்கு, 'அண்ணன் தம்பி பகை' என்ற கரு உங்களுடையது என்று சொல்ல முடியாது. அந்தப் பகை எந்தக் காட்சியில் தொடங்கி எப்படித் திரும்புகிறது, யார் என்ன பேசுகிறார்கள் என்பதில்தான் உங்கள் உரிமை இருக்கிறது.

வாயால் மட்டும் சொல்லியிருந்தால் நிரூபிப்பது பெரும்பாடு. நீங்கள் போட்டோ அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அவர் கைக்குக் கதை போனதற்கு அதுவே சாட்சி. அந்த போனை விற்காதீர்கள், வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் கொடுக்க, 2023-ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். நோட்டை அழகாகத் திருப்பி எழுதும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அடித்தல் திருத்தலோடு இருப்பதுதான் அதன் பலம்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை; உரிமை எழுதியபோதே வந்துவிட்டது. விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய்தான். ஆனால் இப்போது பதிவதால் பழைய தேதி கிடைக்காது. எழுத்தாளர் சங்கத்தில் பஞ்சாயத்து பேசிப் பார்க்கலாம், ஆனால் அதன் முடிவு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

டீசரை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. அதற்காக ரிலீஸ் வாரம் வரை காத்திருந்தால், தெரிந்தும் ஏன் தாமதித்தீர்கள் என்று நீதிபதி கேட்பார், படத்துக்குத் தடை கிடைப்பதும் கடினம். இப்போதே இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். வழக்கு என்று வந்தால், பதிப்புரிமைச் சட்டத்தின் 62-வது பிரிவுப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம். அதுவரை ஃபேஸ்புக்கில் 'திருடன்' என்றெல்லாம் எழுத வேண்டாம். அவர் உங்கள் மீது அவதூறு வழக்கு போட நீங்களே வழி செய்தது போலாகும்.

பெரும்பாலும் அவர்கள் சமரசத்துக்குத்தான் வருவார்கள். உங்களுக்குப் பணம் முக்கியமா, டைட்டிலில் 'கதை' என்று பெயர் வருவது முக்கியமா என்று முன்பே முடிவு செய்யுங்கள். அடுத்து எழுத நினைப்பவர் என்றால் பெயரை விடாதீர்கள் என்பேன். எழுதியவர் என்று உரிமை கோர 57-வது பிரிவே இடம் தருகிறது. அப்புறம், 'எல்லா உரிமையும் கொடுத்துவிட்டேன்' என்று ஒற்றை வரியில் பேப்பர் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். எந்த உரிமை, எத்தனை வருடம், எந்தப் பகுதிக்கு, எவ்வளவு தொகை என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி அது 5 வருடம் மட்டுமே.