யானைக்கு யாருடைய காது?

கேள்வி: அக்கா, நான் டிசைன் இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஊர் வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம். இந்தத் தவணைக்கு 12 பக்கத்தில் ஒரு சிறுவர் படப் புத்தகம் செய்து கொடுக்க வேண்டும். அம்மப்பா இரவில் வயலுக்கு யானைக்காவல் போன கதையை எடுத்திருக்கிறேன். இதுவரை கீறியதைப் பார்த்த விரிவுரையாளர், "ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு ஆள் கீறின மாதிரி இருக்கு. உங்கட பாணி எது?" என்று கேட்டார். பின்டெரெஸ்டில் நூற்றுக்கணக்கான படங்கள் சேர்த்து வைத்திருக்கிறேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. எந்தப் பாணியை எடுப்பது என்று எப்படி முடிவு செய்வது? எட்டுக் கிழமைதான் இருக்கிறது. இன்னொன்று, வன்னிப் பிள்ளை என்றவுடன் எல்லாரும் யுத்தத்தைக் கீறச் சொல்கிறார்கள். அதையும் சேர்க்க வேண்டுமா?

பதில்:

தங்கச்சி, நீங்கள் அனுப்பிய ஒன்பது படங்களையும் பார்த்தேன். பாணியைப் பற்றிக் கதைக்க முதல் யானையைப் பற்றிக் கொஞ்சம் கதைப்போம்.

நாலாவது படத்தில் வயல் வரம்பில் நிற்கிறதே, அது ஆபிரிக்க யானை. காது தோளை மூடிக் கிடக்கிறது, முதுகு நடுவில் பள்ளம், முன்னுக்கு இரண்டு நீளக் கொம்பு. ஒட்டுசுட்டானுக்கு அது எந்த பஸ்ஸில் வந்தது? எங்கள் காட்டு யானைக்குக் காது சின்னன். நெற்றியில் இரண்டு மேடு. முதுகு மேல்நோக்கி வளைந்திருக்கும். துதிக்கை நுனியில் விரல் மாதிரி ஒரு முனைதான் உண்டு, ஆபிரிக்க யானைக்கு இரண்டு. வயது போகப் போகக் காதோரத்திலும் துதிக்கையிலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் விழும். கொம்பு என்று பார்த்தால், இலங்கையின் ஆண் யானைகளில் பத்தில் ஒன்றுக்குக்கூடக் கிடையாது.

விரிவுரையாளர் கேட்ட கேள்விக்குப் பதில் இந்தக் காதில்தான் இருக்கிறது. நீங்கள் யானையைப் பார்த்துக் கீறவில்லை, யாரோ கீறிய யானையைப் பார்த்துக் கீறியிருக்கிறீர்கள். அப்படிக் கடன் வாங்கும்போது அந்த ஆளின் கோடும் நிறமும் சேர்ந்தேதான் வரும். யானை ஓரிடத்தில், கொட்டில் இன்னோரிடத்தில், அம்மப்பாவின் முகம் மூன்றாம் இடத்தில் என்று வாங்கினால், பக்கத்துக்கு ஒரு கை தெரியத்தான் செய்யும்.

நானும் இதில் நன்றாக அடிபட்டவள்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சுகாதாரக் கையேட்டுக்குப் படம் கீறினேன். தண்ணீர் எடுத்து வரும் பெண் என்றார்கள். இடுப்பில் குடம், ஒரு பக்கம் சரிந்த நடை, பின்னால் தென்னை என்று அழகாகக் கீறிக் கொடுத்தேன். மல்லாவிப் பக்கம் ஒரு கூட்டத்தில் அதைக் காட்டியபோது ஒரு அம்மா கனநேரம் பார்த்துவிட்டுச் சொன்னா: "வடிவா இருக்கு பிள்ளை. ஆனா நாங்கள் சைக்கிள் கரியரில கான் கட்டித்தானே தண்ணி கொண்டுவாறனாங்கள்." அந்தக் குடம் நான் சின்ன வயதில் பார்த்த இந்தியச் சஞ்சிகைப் படங்களில் இருந்து வந்தது. வீட்டு வாசலில் நின்ற சைக்கிள் என் கண்ணில் படவேயில்லை. அன்றைக்கு இரவே மஞ்சள் கானும் ரியூப் பட்டியும் கட்டிய சைக்கிளை நாற்பது தடவை கீறினேன். முதல் இருபதும் குப்பை. பிறகு வந்ததில் ஏதோ இருந்தது.

ஆகவே முதல் இரண்டு கிழமையும் பின்டெரெஸ்டை மூடி வையுங்கள். அம்மப்பா இருக்கிறாரா என்று எழுதவில்லை. இருந்தால் அவரிடம் போங்கள், இல்லையென்றால் அந்த வயல்வெளியில் காவல் இருந்த வேறு யாரிடமாவது போங்கள். கதையைக் கேட்டால் மட்டும் போதாது, படத்துக்கான கேள்விகளைக் கேட்க வேண்டும். கொட்டில் நிலத்தில் இருந்ததா, மரத்தில் பரண் கட்டியிருந்தார்களா? ஏணி எப்படி? நெருப்பு எந்தப் பக்கம் எரிந்தது? கையில் என்ன இருந்தது, தகர டின்னா, யானை வெடியா, ரோச்சா? கதிர் முற்றும் தை மாதப் பனியில் எதைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள்? அவர் சொல்லச் சொல்ல நீங்கள் கொப்பியில் கீறுங்கள். பிழை என்றால் பேனையை அவர் கையிலேயே கொடுங்கள். கை நடுங்கினாலும் பரவாயில்லை, வயது போனவர்கள் தங்கள் வயலைக் கீறும்போது வரும் வரைபடம் எந்தப் புகைப்படத்திலும் கிடைக்காது.

நான் ஒருமுறை இப்படிக் கேட்கப் போய், "யானை எப்படி நிண்டது?" என்று ஒரு ஐயாவிடம் விசாரித்தேன். "முழு யானையை ஆர் கண்டது? இருட்டு அசைஞ்சா அதுதான் யானை" என்றார். உங்கள் புத்தகத்துக்கு இந்த ஒரு வசனம் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாம் கிழமை பின்டெரெஸ்டைத் திறக்கலாம். ஆனால் மூன்று படம்தான் எடுக்க வேண்டும், மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாததாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு தரம் அப்படியே பார்த்துக் கீறுங்கள். கீறும்போது பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: கோடு ஒரே தடிப்பா, மாறுகிறதா? எத்தனை நிறம்? நிழல் இருக்கிறதா? தூரத்தை எப்படிக் காட்டியிருக்கிறார்? முகத்தில் எதை விட்டுவிட்டார்? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். கைதேர்ந்தவர்களின் படத்தில் இருப்பதைவிட இல்லாததில்தான் நிறையப் படிக்கலாம். அப்புறம் அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதே விதியில் உங்கள் கொட்டிலைக் கீறிப் பாருங்கள். பயிற்சிக்குச் செய்ததைப் புத்தகத்துக்குள் கொண்டுவர வேண்டாம்.

இணையத்தில் இல்லாத ஒன்றும் வீட்டிலேயே இருக்கும். பழைய பன் பாய் ஒன்று கிடந்தால் விரித்து வைத்து அதன் முன்னால் குந்துங்கள். பன் என்ற கோரைப் புல்லை வெட்டிக் காயவைத்து, சாயம் போட்டுப் பின்னியது. அதில் ஒரு வளைகோடு கூட இல்லை என்று கவனித்தீர்களா? பின்னலுக்கு இரண்டே திசைதான். சரிவாக ஒரு கோடு வேண்டுமென்றால் படிக்கட்டு மாதிரி ஏறி ஏறித்தான் போக வேண்டும், பூ என்றாலும் அந்தப் படிக்கட்டில்தான் பூக்கும். பாயைப் பார்த்தவுடன் எங்கள் ஆட்கள் செய்வது என்னவென்றால், அந்தக் கோலத்தைப் பிரதி எடுத்துப் பக்கத்தின் கரையில் ஒட்டுவது. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம், அது கலியாணக் கார்ட் வேலை. வளைவே இல்லாமல் ஒரு யானை எப்படி இருக்கும் என்று கீறிப் பார்ப்பதுதான் உங்கள் வேலை. சென்னையில் கே. சி. எஸ். பணிக்கர் 1963 அளவில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசையைத் தேடிப் பாருங்கள். சாதகத் தாள் கட்டமும் எழுத்துமாக எப்படி நிறைகிறதோ அந்த ஒழுங்கை எடுத்துக்கொண்டார். எழுத்து மாதிரித் தெரிவதை வாசிக்கப் போனால் பெரும்பாலும் ஒன்றும் பிடிபடாது.

இனிக் கைவேலை. ஒரு பெரிய தாளில் 24 கட்டம் போடுங்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. எல்லாக் கட்டத்திலும் ஒரே காட்சி: பரண், ஒரு ஆள், ஒரு யானை. கட்டத்துக்குக் கட்டம் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். குமிழ்முனைப் பேனை. தூரிகையும் மையும். இடது கை. ஒரு நிமிடம். கோடே இல்லாமல் நிறம் மட்டும். கத்தரித்து ஒட்டிய கடதாசி. அழிறப்பரில் செதுக்கிய அச்சு (அச்சில் இடம் வலம் மாறும், மறந்தால் அம்மப்பா இடது கையராகிவிடுவார்). நெருப்பின் நிழல் மட்டும். ஒரே கட்டத்தில் இரண்டு பொருளை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். ரப்லெட்டில் கீறுவதாக இருந்தால் கோட்டை நேராக்கும் ஸ்டெபிலைசரை நிறுத்திவிடுங்கள். அது உங்கள் கையின் நடுக்கத்தை இஸ்திரி போட்டு எடுத்துவிடும், நாங்கள் தேடுவதோ அந்த நடுக்கத்தைத்தான். கிரிட்டா என்ற கீறும் மென்பொருள் இலவசம், அதுவே போதும்.

24 கட்டத்தில் ஒன்றை மட்டும் நானே சொல்லித் தருகிறேன். சின்ன வகுப்பில் எல்லாரும் விளையாடியதுதான். பிறிஸ்டல் போட்டில் மஞ்சள், செம்மஞ்சள், வெளிர் நீலம் என்று ஒயில் பாஸ்டலைத் தடிப்பாகப் பூசுங்கள். கறுப்பு மையில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு அதன் மேல் அடியுங்கள். சொட்டு விடாவிட்டால் மெழுகில் மை ஒட்டாமல் உருண்டு ஓடும். காய்ந்த பிறகு மை முடிந்த பேனையால் சுரண்டுங்கள். சுரண்டிய இடமெல்லாம் வெளிச்சம்.

இப்போது அந்த ஐயா சொன்னதை நினைத்துப் பாருங்கள். வெள்ளைத் தாளில் நாங்கள் இருட்டைச் சேர்த்துக்கொண்டே போகிறோம். இதில் இருட்டு முதலே வந்து உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் வெளிச்சத்தை மட்டும் தோண்டி எடுக்கிறீர்கள். ரோச் விழுந்த கதிர், நெருப்புப் பட்ட கன்னம், பரணின் ஒரு கால், இவ்வளவையும் சுரண்டுங்கள். யானையைச் சுரண்டவே வேண்டாம். சுற்றியுள்ள நெற்கதிர்களைச் சுரண்டிக்கொண்டு போக, நடுவில் தொடாமல் விட்ட கறுப்பு தானாக ஒரு முதுகாக எழும்பும். அப்போது காது சின்னதா பெரிதா என்று யாரிடமும் கேட்கத் தேவையிருக்காது.

இதையேதான் எடுக்க வேண்டும் என்றில்லை. உங்களுக்கு வெட்டி ஒட்டுவது கைவரலாம். 24 கட்டத்தையும் சுவரில் ஒட்டி, ஐந்து அடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு போனில் படமெடுத்து நகத்தளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளையிடம் "இதில யானை எங்க?" என்று கேளுங்கள். விரிவுரையாளரிடம் அப்புறம் காட்டலாம். யாரும் சொல்லாமலே நீங்கள் மூன்று நாலு கட்டத்தில் திரும்பத் திரும்பச் செய்திருக்கும் ஏதோ ஒன்று கண்ணில் படும். முதுகை எப்போதும் கொஞ்சம் கூனவைக்கிறீர்கள், அடிவானத்தை மேலே தூக்குகிறீர்கள், கையைப் பெரிதாகக் கீறுகிறீர்கள், இப்படி. பிழை என்று நினைத்துத் திருத்தப் போகாதீர்கள். உங்களுடையது என்று சொல்ல முதலில் கிடைக்கிற பொருள் அதுதான்.

பிறகு ஒரு தாளில் விதிகளை எழுதுங்கள்: எத்தனை நிறம், கோடு எவ்வளவு தடிப்பு, கண்ணுக்குப் புள்ளியா வட்டமா, வானம் கறுப்பா வெறுமையா. பக்கத்துக்குப் பக்கம் ஒரே ஆள் கீறியதாகத் தெரிவதற்கு இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்திருந்தாலே பெரும்பாலும் போதும். விதி சரிதானா என்று பார்க்க மூன்று படம் கீறிச் சோதியுங்கள்: ஒரு கை கிட்டத்தில், பத்துப் பேர் கூட்டம், பட்டப்பகலில் ஒரு குசினி. சுரண்டல் முறை பகலில் திணறும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடாகத் திருப்பிப் போடலாம். அல்லது கதையை ஒரே இரவுக்குள் சுருக்கலாம். நான் என்றால் சுருக்குவேன்.

"இதுதான் என் பாணி என்று வாழ்நாள் முழுக்க மாட்டிக்கொள்வேனோ" என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி வெட்டியிருந்தீர்கள், வெட்டியும் வாசிக்க முடிந்தது. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1760 இல் பிறந்தவர். உலகமெல்லாம் தெரிந்த அந்தப் பேரலைப் படம் 1831 அளவில் வந்தது, அவருக்கு எழுபது வயதில். வாழ்நாளில் பெயரை முப்பது தரம் அளவில் மாற்றியிருப்பார், பாணியையும் கூடவே. இரண்டாம் வருடத்தில் உங்களுக்குத் தேவை இந்த 12 பக்கத்துக்கான பாணி, அவ்வளவுதான்.

அச்சு விஷயம் சுருக்கமாக. திரையில் தெரியும் பச்சையும் நீலமும் அச்சில் மங்கும், அதனால் தொடக்கத்திலேயே ஒரு பக்கத்தை மாதிரி எடுத்துப் பாருங்கள். ஸ்கான் செய்யும்போது அச்சிடும் அளவில் 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி), பெரிதாக்கப் போகிறீர்கள் என்றால் 600. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து போட்டால் மெல்லிய எழுத்துருவைத் தொடவே வேண்டாம். ண, ஞ, இ எல்லாம் சுழிக்குள் மை நிரம்பி அடைத்துப் போகும். தடித்த எழுத்து, 16 புள்ளிக்குக் குறையாமல்.

யுத்தம். பாணியும் பொருளும் வேறு வேறு, யாரோ எதிர்பார்க்கிறார்கள் என்று ஒரு பங்கரைக் கொண்டுவந்து பரணுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அம்மப்பாவின் கதைக்குள் அது தானாக வந்தால், காவலுக்குப் போன வயலை விட்டுவிட்டு ஓடிய வருடம் என்று அவரே சொன்னால், அவர் சொன்ன அளவுக்கு மட்டும் வரட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் 2011 இல் வெளியிட்ட நூல் ஒன்றில், இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டை நினைவில் இருந்து கீறிய தளப்படங்கள் இருக்கின்றன. கதவு எங்கே, கிணறு எங்கே, மரம் எங்கே என்ற கோடுகள்தான். அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒருவரின் வீட்டையோ முகத்தையோ கீறுமுன் அவரிடம் கேளுங்கள், கீறிய பிறகு முதலில் அவருக்குக் காட்டுங்கள்.

அம்மப்பாவிடம் போகும்போது இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: அந்த ரோச்சுக்கு எத்தனை பற்றரி. இரண்டு பற்றரி வெளிச்சமும் ஐந்து பற்றரி வெளிச்சமும் வயலில் ஒரே தூரம் போகாது. எவ்வளவு மஞ்சள் பூச வேண்டும் என்று அதை வைத்துத்தான் தெரியும்.