வாஷிங்டன்னு ஒரு பேரு: கேளுங்க, சொல்றேன்

வணக்கம் மக்களே. இங்கிலாந்து குடும்பப் பேருங்களப் பத்தி பேச ஆரம்பிச்சதுல இருந்து ஆளுக்கொரு பேரா கேட்டுட்டு இருந்தீங்க, எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு வரில முடிக்கறதுக்குப் பதிலா ஒரே ஒரு பேர எடுத்து அடிவரைக்கும் தோண்டிப் பாக்கலாம்னு வாஷிங்டன எடுத்துக்கிட்டேன். இங்கிலாந்துல சண்டர்லாண்ட்ல ஆறு வருஷம் வேலை பாத்தவன் நான், பக்கத்துல வாஷிங்டன்ங்கற ஊர் வழியா பஸ்ல போய்வந்த பழக்கத்துல ஒட்டிக்கிட்ட கிறுக்கு இது. ஆரம்பிங்க.

பாண்டி, தென்காசி: அண்ணா, ஸ்மித்னா கொல்லர், பேக்கர்னா ரொட்டி சுடறவர்னு சொன்னீங்கல்ல, அப்ப வாஷிங்டன்னா துணி வெளுக்கறவங்களா?

இல்லப்பா. நல்லா யோசிச்சிருக்க, ஆனா வெள்ளாவிக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. இது தொழில் பேரு இல்ல, ஊர் பேரு. பழைய இங்கிலீஷ்ல 'டூன்'னு ஒரு சொல்லு, பண்ணை, குடியிருப்புன்னு அர்த்தம், அதான் தேஞ்சு 'டன்' ஆச்சு. நம்ம ஊர்ல பட்டி, பாக்கம், குடின்னு முடியுதுல்ல, அந்த மாதிரி. முன்னாடி இருக்கறது ஹ்வாஸாவோ வாஸாவோ, அப்படி ஒரு ஆளோட பேரு. ஆக அந்த ஆளோட கூட்டம் இருந்த பண்ணை, அவ்வளவுதான். கிளின்டன்கூட இதே வால் வச்ச பேருதான். நியூட்டன்னா புது ஊரு, நம்ம கணக்குல புதூர். ஆப்பிள் விழுந்தத பாத்தவரு புதூர்க்காரர், வேற ஒண்ணும் இல்ல 🙂

ஷர்மிளா: அந்த ஊர் இன்னும் இருக்கா சார்?

இருக்கும்மா, வடகிழக்கு இங்கிலாந்துல, பழைய கணக்குப்படி டர்ஹாம் கவுண்டி, இப்ப சண்டர்லாண்ட் நகராட்சிக்குள்ள. சுத்தி நிலக்கரிச் சுரங்கம் இருந்த பூமி, 1964ல புதுநகரமா அறிவிச்சு ரவுண்டானாவா போட்டுத் தள்ளிட்டாங்க. நடுவுல ஓல்ட் ஹால்னு ஒரு பழைய கல் வீடு மட்டும் நிக்குது. 1977ல அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் வந்து அந்த ஊர்ல ஒரு மரம் நட்டுட்டுப் போனாரு. தெக்க சஸெக்ஸ்லயும் வாஷிங்டன்னு ஒரு கிராமம் இருக்கு, ஆனா நாம பேசற குடும்பம் வடக்கத்தி ஊர்ல இருந்து வந்தது, குழப்பிக்காதீங்க.

ரவிச்சந்திரன்: ஊர் பேரு எப்படி சார் குடும்பத்துக்கே பேரா மாறும்? ஊர்ல எல்லாருமே வாஷிங்டன் ஆகணுமே?

இதுதான் சார் நல்ல கேள்வி. 1066ல பிரான்ஸ் பக்கத்துல இருந்து நார்மன்காரங்க வந்து இங்கிலாந்த புடிச்சப்புறம் நிலம் வச்சிருக்கறவங்க 'இன்ன ஊர் வில்லியம்', 'இன்ன ஊர் ராபர்ட்'னு நிலத்தோட சேத்து பேர் போட ஆரம்பிச்சாங்க, நிலம் பரம்பரையா போகுது, கூடவே பேரும் பரம்பரையா போகுது. நம்ம கேஸ்ல ஆளு வில்லியம் டி ஹெர்ட்பர்ன், அதாவது ஹெர்ட்பர்ன் ஊர் வில்லியம். டர்ஹாம் பிஷப்போட 1183ஆம் வருஷத்து கணக்குப் புத்தகம் ஒண்ணு இருக்கு, போல்டன் புக்னு சொல்லுவாங்க. இந்த வில்லியம் தன்னோட ஹெர்ட்பர்ன் நிலத்த பிஷப்புக்கு குடுத்துட்டு பதிலுக்கு வாஷிங்டன வாங்கிக்கிட்டாருன்னு அதுல இருக்கு. வருஷத்துக்கு 4 பவுண்ட் கட்டணும், பிஷப் பெரிய வேட்டைக்கு கிளம்பறப்ப 4 வேட்டை நாயோட கூடப் போகணும், அதுதான் கண்டிஷன். நிலம் மாறுச்சு, ஆளோட பேரும் மாறிடுச்சு, ஹெர்ட்பர்ன்காரர் வாஷிங்டன்காரர் ஆயிட்டாரு. அந்த நிலமாத்து மட்டும் நடக்காம இருந்திருந்தா அமெரிக்கத் தலைநகரத்துக்கு ஹெர்ட்பர்ன்னு பேரு வந்திருக்கும், நெனச்சாலே எனக்கு சிரிப்பு வரும்.

ஊர்ல எல்லாரும் ஏன் ஆகலன்னா, ஒரு ஊர்க்காரங்க எல்லாரையும் ஊர் பேரச் சொல்லியே கூப்பிட்டா அடையாளம் தெரியாதுல்ல சார். ஊருக்கு உடையவர், இல்ல ஊர விட்டு வெளிய போனவர், இந்த ரெண்டு பேருக்குத்தான் ஊர் பேரு ஒட்டும். மெட்ராஸ்க்கு வந்தப்புறம்தான் ஒருத்தர் 'மாயவரத்தார்' ஆகறாரு, மாயவரத்துலயே இருந்தா அவரு வெறும் கணேசன்.

கவி: ஸ்பெல்லிங் அப்ப இருந்தே இப்படித்தானா?

அட அதெல்லாம் இல்ல. வெஸ்ஸிங்டன், வெஸிங்டன், எழுதறவன் காதுல என்ன விழுந்துச்சோ அது. 1416ல இருந்து 1446 வரைக்கும் டர்ஹாம் மடத்துக்கு தலைவரா இருந்தவரு ஜான் வெஸிங்டன், அதுவும் இதே பேருதான்.

ஃபெலிக்ஸ்: அண்ணே அமெரிக்காவுக்கு எப்ப போனாங்க? பெரிய பணக்காரக் குடும்பமா?

ஏறி எறங்கின குடும்பம் தம்பி. டர்ஹாம்ல இருந்து ஒரு கிளை மேற்க நகந்து லங்காஷயர்ல வார்டன்ங்கற ஊருக்கு வந்துச்சு, அங்க இருந்து லாரன்ஸ் வாஷிங்டன்னு ஒருத்தர் நார்தாம்ப்டன்ஷயருக்கு போய் கம்பளி வியாபாரத்துல நல்லா சம்பாதிச்சு மேயர் எல்லாம் ஆனாரு. எட்டாம் ஹென்றி மடங்கள மூடி சொத்த வித்தப்ப 1539ல சல்கிரேவ்ங்கற இடத்த வாங்கினவரு இவருதான். அதுக்கப்புறம் சில தலைமுறை தாண்டி இன்னொரு லாரன்ஸ், இவரு எஸ்ஸெக்ஸ்ல பர்லின்னு ஒரு ஊர்ல பாதிரியார். உள்நாட்டுப் போர் சமயம் இவரு ராஜா பக்கம், 1643ல பார்லிமென்ட் ஆளுங்க 'இவரு எப்பப் பாத்தாலும் சாராயக் கடையிலயே கெடக்கறாரு'ன்னு குத்தம் சொல்லி வேலைய விட்டு எறக்கிட்டாங்க. நெசமாவே குடிச்சாரா, இல்ல கட்சி பாத்து போட்ட கேஸான்னா, நான் ரெண்டாவதத்தான் நம்புவேன்.

அப்பா நெலம இப்படி ஆனதும் மகன் ஜான் கப்பல் வியாபாரத்துக்குள்ள எறங்கினாரு. 1656-57 வாக்குல புகையிலை ஏத்த வர்ஜீனியாவுக்கு வந்த கப்பல் பொடோமாக் ஆத்துல தரைதட்டிப் போச்சு, ரிப்பேர் பாக்கற நேரத்துல இவரு அங்கயே ஒரு பொண்ணப் பாத்து கல்யாணம் பண்ணிட்டு தங்கிட்டாரு. இவரோட கொள்ளுப்பேரன்தான் அமெரிக்காவோட முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன். நாடு புடிக்கற திட்டத்தோட எல்லாம் யாரும் வரல தம்பி, கப்பல் மாட்டிக்கிச்சு.

மணிமாறன்: அமெரிக்கக் கொடி இந்தக் குடும்பத்தோட சின்னத்துல இருந்து சுட்டதுன்னு படிச்சேனே, உண்மையா?

அழகான கதை, ஆதாரம் கிடையாது. குடும்பச் சின்னம் வெள்ளைக் கேடயம், ரெண்டு செவப்புப் பட்டை, மேல மூணு செவப்பு நட்சத்திரம். பாத்தா தோணத்தான் செய்யும். ஆனா 1777ல அமெரிக்க காங்கிரஸ் கொடி தீர்மானம் போட்டப்ப இந்தச் சின்னத்தப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. வாஷிங்டன் டிசி நகரத்தோட கொடி மட்டும் அப்படியே இந்தச் சின்னம்தான், அது 1938ல வந்தது.

நித்யா, அட்லாண்டா: அண்ணா, என் டீம்ல ஒருத்தர் குடும்பப் பேரு வாஷிங்டன், கறுப்பினத்தவர். ஜார்ஜ் வாஷிங்டன் வம்சமான்னு கேக்கலாம்னு இருந்தேன், ஏதோ தப்பா போயிடுமோன்னு விட்டுட்டேன்.

விட்டது நல்லதும்மா. மொதல்ல, ஜார்ஜுக்கு சொந்தப் புள்ளைங்களே கிடையாது, நேர் வம்சம்னு யாரும் இல்ல, அண்ணன் தம்பி வழியில வந்தவங்கதான் உண்டு. ரெண்டாவது, இந்தப் பேரோட இன்னிக்கு நெலமையே வேற. 2000ஆம் வருஷ அமெரிக்க சென்சஸ்ல வாஷிங்டன்னு குடும்பப் பேரு இருந்தவங்க 1,63,036 பேரு, அதுல நூத்துக்குத் தொண்ணூறு பேரு கறுப்பின மக்கள். டர்ஹாம் கிராமத்துல ஹ்வாஸாவோட பண்ணைக்கு வச்ச பேரு இப்ப பெரும்பாலும் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் பேரு. டென்ஸல் வாஷிங்டன், சிகாகோவோட முதல் கறுப்பின மேயர் ஹரால்ட் வாஷிங்டன், இவங்கதான் இன்னிக்கு இந்தப் பேருக்கு சொந்தக்காரங்கன்னே நான் சொல்லுவேன்.

ரவிச்சந்திரன்: அப்ப ஜார்ஜ் வாஷிங்டன்கிட்ட அடிமையா இருந்தவங்களோட வாரிசுங்கன்னு அர்த்தம், எஜமான் பேரத்தானே வச்சாங்க?

எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறோம் சார், நானும் நெனச்சிருந்தேன். கணக்கே ஒத்து வரல. 1799ல அவரு செத்தப்ப மவுண்ட் வெர்னன் பண்ணையில 317 அடிமைகள், அதுல அவரோட சொந்தக் கணக்குல 123 பேருதான், மிச்சம் பெரும்பாலும் பொண்டாட்டி மார்த்தாவோட முதல் புருஷன் சொத்து வழியா வந்தவங்க. அந்த 123 பேர விடுதலை பண்ணச் சொல்லி உயில் எழுதி வச்சாரு, 1801 ஜனவரி 1ல மார்த்தா விடுவிச்சாங்க.

அதுலயும் பாருங்க, அந்தப் பண்ணையில பேர் தெரிஞ்ச ஆளுங்க பலர் வாஷிங்டன் கிடையாது. அமெரிக்க சுதந்திரப் போர் முழுக்க ஜார்ஜ் கூடவே குதிரையில போன வில்லியம் லீ, அவரோட 'லீ' முந்தின எஜமான் குடும்பத்தோட பேரு. சமையல்காரர் ஹெர்குலிஸ் போஸி, தப்பிச்சுப் போனவரு, அவரோட 'போஸி'யும் பழைய எஜமான் பேருதான். நம்ம மனசுக்கு இது வெளங்காது, ஏன் எஜமான் பேரு, அதுவும் பழைய எஜமான் பேருன்னு. யோசிச்சா புரியும் சார். குடும்பத்தையே பிரிச்சு பிரிச்சு வித்தவங்க காலத்துல அம்மா ஒரு பண்ணை, அண்ணன் ஒரு பண்ணை, எல்லாரும் ஒண்ணா இருந்த கடைசி இடத்தோட பேரப் புடிச்சுக்கிட்டாதான் நாளைக்கு ஒருத்தர ஒருத்தர் தேட முடியும். அது எஜமானுக்கு மரியாதை இல்ல, குடும்பத்துக்கு ஒரு அடையாளம்.

அப்புறம் 1865ல விடுதலை வந்தப்புறம் தானா தேர்ந்தெடுத்தவங்க உண்டு. இதுக்கு பெரிய உதாரணம் புக்கர் டி. வாஷிங்டன். அடிமையா பொறந்தவரு, வெறும் புக்கர்தான். பள்ளிக்கூடத்துல வருகைப் பதிவு எடுக்கறப்ப மத்த பசங்க எல்லாம் ரெண்டு பேரு சொல்றாங்க, சிலர் மூணு கூட சொல்றாங்க, இவருக்கு ஒண்ணுதான் இருக்கு. வாத்தியார் தன்கிட்ட வந்ததும் ரொம்ப நாளா அதுதான் பேருங்கற மாதிரி அலட்டிக்காம 'புக்கர் வாஷிங்டன்'னு சொல்லிட்டாரு. அவரோட வளர்ப்பு அப்பா பேரு வாஷிங்டன் ஃபெர்குசன், அதுல இருந்து எடுத்திருக்கலாம். அந்தப் பையன்தான் 1881ல டஸ்கீகி பள்ளிய ஆரம்பிச்சு நடத்தினவரு. ஒரு வகுப்பறையில ஒரு நிமிஷத்துல ஒரு குடும்பப் பேரு பொறந்துச்சு, 1183 எல்லாம் தேவைப்படல.

நித்யா, அட்லாண்டா: என் டீம்காரரு தன் முன்னோரத் தேடணும்னா முடியுமாண்ணா?

1870 சென்சஸ் வரைக்கும் போகலாம்மா, அதுக்கு மேல கல்லு முள்ளு. 1850லயும் 1860லயும் அடிமைகள தனிப் பட்டியல்ல எஜமான் பேருக்குக் கீழ வயசு, ஆணா பொண்ணா, நிறம் என்னன்னு மட்டும்தான் குறிச்சாங்க, மாடு கணக்கு மாதிரி, பேரு போடல. 1870லதான் எல்லாரும் பேரோட வர்றாங்க. அதுக்கு மேல போக உயில், விற்பனைச் சீட்டு, சர்ச் பதிவுன்னு எஜமான் குடும்பத்து காகிதத்துலதான் தேடணும்.

ஃபெலிக்ஸ்: அப்ப ஜார்ஜோட அடிமை ஒருத்தர் கூட வாஷிங்டன்னு வைக்கலயா அண்ணே?

ஹாரி வாஷிங்டன்! கேட்டதுக்கு நன்றி தம்பி, இவர விட்டிருந்தா எனக்குத் தூக்கம் வந்திருக்காது. ஆப்பிரிக்காவுல பொறந்து கடத்திட்டு வரப்பட்டவரு, 1763 வாக்குல ஜார்ஜ் வாங்கினாரு. அந்தச் சுதந்திரப் போர் வந்ததும் பிரிட்டிஷ் பக்கம் ஓடி வந்தா விடுதலைன்னு அறிவிச்சாங்கல்ல, இவரு ஓடிட்டாரு. எஜமான் அங்க சுதந்திரத்துக்காக சண்டை போடறாரு, இவரு தன் சுதந்திரத்துக்காக எதிரிப் படையில. போர் முடிஞ்சு 1783ல இப்ப கனடாவுல இருக்கற நோவா ஸ்கோஷியாவுக்கு கப்பல், 1792ல அங்க இருந்து ஆப்பிரிக்காவுல சியரா லியோன். அங்க போயும், அந்த ஊர நடத்தின சியரா லியோன் கம்பெனிக்காரங்க நிலத்துக்கு வரி போட்டாங்க, 1800ல அதுக்கு எதிரா நடந்த கலகத்துல இவரும் ஒருத்தர், புடிச்சு நாடு கடத்திட்டாங்க. வரிக்கு எதிரா கலகம் பண்ணின ரெண்டு வாஷிங்டன்ல ஒருத்தருக்கு தலைநகரம், இன்னொருத்தர் பேரு எத்தன பேருக்குத் தெரியும் சொல்லுங்க.

பாண்டி, தென்காசி: நம்ம வாஷிங்டன் சுந்தர் கணக்குல வருவாரா??

எப்ப கேப்பீங்கன்னு இருந்தேன். அது குடும்பப் பேரு இல்ல, சூட்டுன பேரு. அவங்க அப்பா சின்ன வயசுல திருவல்லிக்கேணியில கஷ்டப்பட்டு கிரிக்கெட் ஆடிட்டிருந்தப்ப அந்தப் பக்கத்து முன்னாள் ராணுவக்காரர் ஒருத்தர் பேரு வாஷிங்டன், ஃபீஸ் கட்டி, யூனிஃபார்ம் வாங்கிக் குடுத்து, சைக்கிள்ல மைதானத்துக்கு கூட்டிட்டுப் போய் பாத்துக்கிட்டாரு. அவரு 1999ல காலமானாரு, அதே வருஷம் பையன் பொறந்தான், அந்தப் பேரையே வச்சுட்டாங்க. ஜார்ஜுக்கு இதுல பங்கு சுத்தமா கிடையாது.

கவி: வாஷிங்டன் ஸ்டேட்டும் அவரு பேருதானே? ஏன் ரெண்டு எடத்துக்கு ஒரே பேரு?

அதுக்கு மொதல்ல கொலம்பியான்னு வைக்கறதா இருந்துச்சு. டிஸ்ட்ரிக்ட் ஆஃப் கொலம்பியா ஏற்கனவே இருக்கு, குழப்பம் வரும்னு 1853ல வாஷிங்டன்னு மாத்தினாங்க. குழப்பத்த எவ்வளவு அழகா தீத்து வச்சாங்க பாருங்க.

ஷர்மிளா: சார், ஆன்லைன்ல 'உங்க குடும்பச் சின்னம்'னு கேடயம் போட்ட மக் விக்கறாங்களே, வாஷிங்டனுக்கும் இருக்கு, அது?

டீ குடிக்கலாம்மா, தாராளமா. ஆனா இங்கிலாந்து முறையில சின்னம் ஒரு ஆளுக்கும் அவரு வாரிசுக்கும்தான், ஒரே பேரு இருக்கற எல்லாருக்கும் இல்ல.

மணிமாறன்: கடைசியா ஒண்ணு. இவ்வளவும் ஜார்ஜுக்குத் தெரியுமா?

தெரியாது! 1791 கடைசில லண்டன்ல இருந்து ஐசக் ஹேர்டுன்னு ஒருத்தர், சின்னங்களப் பாத்துக்கற ஆபீஸோட தலைவர், உங்க வம்சாவளி சொல்லுங்கன்னு ஜனாதிபதிக்கே லெட்டர் போட்டாரு. நான் இந்த விஷயத்துல பெருசா கவனம் செலுத்தினதே இல்லன்னு 1792ல பதில் எழுதினாரு ஜார்ஜ். வீட்டுப் பெரியவங்க சொல்லி கேட்டிருக்கேன், முதல்ல வந்தவரு இங்கிலாந்துல வடக்க இருந்து வந்தாராம், லங்காஷயரா யார்க்ஷயரா இன்னும் வடக்கயான்னு சரியா ஞாபகம் இல்லன்னாரு. கப்பல்ல வந்த ஜான் வளந்தது தெக்கத்தி இங்கிலாந்துல, அதனால பெரியவங்க சொன்னது நேரா பாத்தா தப்பு. ஆனா ஜானுக்கு நாலு தலைமுறைக்கு முன்னாடி குடும்பம் லங்காஷயர்லதான் இருந்துச்சு, அதுக்கும் முன்னாடி, இன்னும் வடக்க.